பெரியவன் உட்கார்ந்த படம்

மார்ச் 9

சின்னவனுக்கு,

போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் ஒரே குரலில் கத்துவோம். யார் எதைச் சொன்னது என்று பிறகு நமக்கே தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் உன் கண்காட்சியைப் பற்றி வந்திருக்கிறது. கூடவே நீ வரைந்த படம் ஒன்று, முழுப் பக்கத்துக்கு. வாஷ்பேசினுக்கு முன்னால் ஸ்டூலில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான். உடம்பில் ஒட்டுத் துணி இல்லை. தொப்பை மடிந்து மடிந்து தொடைமேல் இறங்கியிருக்கிறது. துண்டு தரையில் கிடக்கிறது. அதை எடுத்து மடியில் போட உனக்கு மனசு வரவில்லை. சரி, உடம்பு உன்னுடையது, என்னவோ செய்துகொள். முகம்?

திங்கட்கிழமை என் கிளினிக்குக்கு முதலில் வந்தவர் ஒரு பேங்க் மேனேஜர். கடைவாய்ப் பல்லுக்கு வேர்ச் சிகிச்சை. வாயில் பஞ்சை அடைத்துவிட்டேன், பேச முடியவில்லை. ஆனால் வேலை முடியும்வரை கண்ணாலேயே சிரித்துக்கொண்டிருந்தார். கொப்பளித்துத் துப்பியதும் முதல் வார்த்தையாக, "டாக்டர், நீங்க இப்படியெல்லாம் போஸ் குடுப்பீங்கன்னு நான் நெனச்சே பாக்கல" என்றார்.

"அது நான் இல்ல சார். என் தம்பி. நாங்க ரெட்டை."

"சரி சரி, தம்பின்னே வெச்சுக்குவோம்" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அன்றைக்கு மட்டும் நான்கைந்து பேரிடம் இதையே சொன்னேன். மகளுடைய அலுவலகத்தில் யாரோ அந்தப் பக்கத்தைக் கிழித்து அவள் மேஜைமேல் வைத்திருக்கிறார்கள். "எங்க சித்தப்பா" என்று சொன்னாளாம், ஒருத்தரும் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். என் மனைவி முதலில் சிரித்தாள், "தொப்பை அப்படியே உங்களுதுதான்" என்று. மகளைப் பார்த்த பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

நீ யாரை வேண்டுமானாலும் வரை. இந்த முகத்தை விட்டுவிடு. 'என் முகத்தை நான் வரைகிறேன்' என்று சொல்வாய். உன்னுடையது எங்கே முடிகிறது, என்னுடையது எங்கே ஆரம்பிக்கிறது என்று நீயே சொல்லேன்.

பெரியவன்


மார்ச் 17

பெரியவனுக்கு,

கடிதம் கிடைத்தது. பேங்க்காரர் பகுதியைப் படித்துச் சிரித்துவிட்டேன். மகள் பகுதியைப் படித்துச் சிரிக்கவில்லை. அவளுக்கு நான் தனியாக எழுதிக்கொள்கிறேன்.

நான் என்ன செய்கிறேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. கோபத்திலாவது கேட்டிருக்கிறாய், சொல்கிறேன்.

நான் வரைவது எப்போதும் ஒரே மாதிரிப் படம்தான். நாற்காலியிலோ கட்டிலிலோ ஒரு ஆள். பின்னால் வெறும் சுவர். கதை கிடையாது, ஜன்னலுக்கு வெளியே மலை கிடையாது. ஃபோட்டோவைப் பார்த்து வரைவதில்லை. ஆள் எதிரே உட்கார வேண்டும். முதல் சில நாள் எல்லோரும் முகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். அலுத்துப்போய், நல்லாத் தெரியணும் என்கிற நினைப்பே விட்டுப்போன பிறகுதான் என் வேலை ஆரம்பிக்கும். அதுவரை யார் உட்காருவார்கள்? கீழே இருக்கும் டயர்க்கடைக்காரர் உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறார். ஒரு தபால்காரி வந்துகொண்டிருந்தாள். நல்ல கனமான, அமைதியான முகம். அவளுக்கு மாற்றலாகிவிட்டது. மிச்சம் நான். கூப்பிட்ட நேரத்துக்கு வருவேன். 'மூக்கைக் கொஞ்சம் சின்னதா போடுங்க' என்று கேட்கமாட்டேன்.

முதலில் உடம்பு முழுக்கச் சாம்பல் பச்சையில் போடுவேன். பார்க்கப் பிணம் மாதிரி இருக்கும். அதன்மேல் சிவப்பு, மஞ்சள், தடிமனாக வெள்ளை என்று ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் ரத்தம் ஓட ஆரம்பிக்கும். கண்ணுக்கடியில், தாடை ஓரத்தில், முட்டியில் மட்டும் அடியில் இருக்கும் பச்சையை மூடாமல் விட்டுவிடுவேன். தப்பாக வந்தால் கத்தியால் சுரண்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து. பத்திரிகைக்காரர் 'இரக்கமற்ற தூரிகை' என்று எழுதியிருக்கிறார். இருப்பதைப் போட்டேன். தொப்பைக்கு இரக்கம் காட்டினால் அது உள்ளே போய்விடுமா?

நம் சித்தி ஞாபகம் இருக்கிறதா? தப்பு செய்தது யார் என்று தெரியாவிட்டால் இரண்டு பேரையும் அடித்துவிடுவாள், யாருக்கும் பாக்கி இருக்காது என்று. நீ இப்போது கேட்பதும் அந்த நியாயம்தான். வரைந்தது நான். அடி உனக்கும் விழுகிறது. அதற்கு நான் என்ன செய்யட்டும்?

என் படம் ஒன்றைக்கூட நீ நேரில் பார்த்ததில்லை. பத்திரிகைத் தாளில் எல்லாம் சேறாகத்தான் தெரியும். ஒருமுறை வந்து பார். பிறகு திட்டு.

வேண்டுமானால் தாடி வளர்த்துக்கொள்.

சின்னவன்


மார்ச் 26

தாடி வைத்தால் மாஸ்க் முகத்தில் சரியாக உட்காராது. நாளெல்லாம் அடுத்தவன் வாய்க்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பவனுக்குச் சொல்கிற யோசனையா இது?

இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் குழந்தைகளுக்குப் பல் பார்ப்பது நான்தான். நேற்று தலைமையாசிரியை போன் செய்தார். சுற்றி வளைத்து வளைத்துப் பேசினார். "உங்களப் பத்தி எங்களுக்கு ஒண்ணும் சந்தேகம் இல்ல டாக்டர். ஆனா பேரண்ட்ஸ் கேக்குறாங்க. அது உங்க தம்பின்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் எங்களால சொல்லிட்டிருக்க முடியுமா? இந்த வருஷம் மட்டும் வேற டாக்டர ஏற்பாடு பண்ணிக்கிறோம்."

"சரிங்க மேடம்" என்றேன்.

உனக்கு அது சாம்பல் பச்சையும் தடிமனான வெள்ளையும். எனக்கு அது என் கிளினிக் வாசலில் அம்மணமாக உட்கார்ந்திருக்கிற ஒரு ஆள். அவனைத் தாண்டித்தான் ஒவ்வொருத்தரும் உள்ளே வருகிறார்கள்.

வந்து பார்க்கச் சொல்கிறாய். எதற்கு? தினமும் ஷேவ் செய்யும்போது பார்ப்பது போதும்.

இனி எழுதாதே. நானும் எழுதமாட்டேன்.

பெரியவன்


ஆகஸ்ட் 2

பெரியவனுக்கு,

எழுதாதே என்று சொன்னாய். இது ஒன்றுக்கு மட்டும் விலக்கு கொடு.

செவ்வாய்க்கிழமை காலையில் பல் தேய்த்துவிட்டுக் கொப்பளித்தேன். தண்ணீர் வாயில் நிற்காமல் இடது ஓரமாக வழிந்து சட்டையில் இறங்கியது. மறுபடி வாயை நிரப்பினேன், மறுபடி வழிந்தது. கண்ணாடியைப் பார்த்தேன். இடது பக்கம் தொங்கிப்போயிருந்தது. நெற்றியில் சுருக்கம் இல்லை, மூக்கிலிருந்து வாய்க்கு இறங்கும் மடிப்பு இல்லை, வயசே இல்லை. வலது பக்கம் மட்டும் ஐம்பத்தாறு வயது. கண்ணை மூடு என்று சொல்லிப் பார்த்தேன். வலது கண் மூடியது. இடது கண் திறந்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வலி இல்லை. கை கால் நன்றாக இருந்தது. அதனால் ஸ்டூலை இழுத்துப் போட்டு அதை வரைந்தேன். வெளிச்சம் போகும்வரை வரைந்தேன். மறுநாள் டயர்க்கடைக்காரர் டீ கொண்டுவந்தபோது என்னைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணே, மூஞ்சிய யாரு அடிச்சது?" என்று கேட்டார். அவர்தான் வண்டியில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பக்கவாதம் இல்லையாம், முக நரம்பு மட்டும் வீங்கியிருக்கிறதாம். சிலருக்குச் சில வாரத்தில் திரும்பும், சிலருக்கு முழுதாகத் திரும்பாது என்றார்கள்.

போனில் சொல்லலாம் என்று நினைத்தேன். உதடு சேரவில்லை. ப, ம இரண்டும் வரவில்லை. அம்மா என்று சொல்லிப் பார்த்தேன், வெறும் காற்றுதான் போகிறது. அப்பாவும் அப்படியே. நீ எடுத்து, யாரோ குடிகாரன் என்று வைத்துவிடுவாய்.

உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. உன் துறைக்குப் பக்கத்து விஷயம், தெரிந்திருக்கட்டும் என்று எழுதினேன்.

சின்னவன்


ஆகஸ்ட் 4

முட்டாளே,

கூரியரில் அனுப்புகிறேன். படித்தவுடன் செய்.

ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார்களா? ஆரம்பித்துவிட்டாயா? முதல் மூன்று நாளுக்குள் ஆரம்பித்தால்தான் பலன் அதிகம். அதில் ஒரு பகலை நீ ஸ்டூலில் உட்கார்ந்து படம் போட்டே தீர்த்திருக்கிறாய். வாய் கோணிப்போன மனுஷன் முதலில் செய்யவேண்டியது ஆஸ்பத்திரிக்குப் போவதா, பென்சிலைச் சீவுவதா? மாத்திரையை நடுவில் நிறுத்தாதே. எத்தனை நாளுக்கு எழுதியிருக்கிறார்களோ அத்தனை நாளும் சாப்பிடு.

அதைவிடப் பெரிது கண். இமை மூடாததால் கருவிழி காய்ந்துபோகும். காய்ந்தால் புண்ணாகும். புண் ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நிற்கும். அந்த வழியாகப் பார்க்க முடியாது. பகலில் சொட்டு மருந்து, மணிக்கு ஒருதரம். தூங்கும்போது களிம்பு போட்டு, இமையைக் கையால் இழுத்து மூடி, பிளாஸ்திரி ஒட்டு. வெறும் பஞ்சை வைத்துக் கட்டாதே, உள்ளே கண் திறந்துகொண்டு பஞ்சில் உரசும். நீ வேலை செய்கிற அறையில் டர்பன்டைன் வாடை, கீழே டயர்க்கடைப் புழுதி. கண்ணாடி போடாமல் இறங்காதே.

முகத்தைப் போட்டு அமுக்கி மசாஜ் செய்யச் சொல்லி எவனாவது வருவான். கிட்டே விடாதே. மின்சார ஷாக் கொடுக்கிறேன் என்று வருவான். அவனையும் கிட்டே விடாதே.

அந்த நரம்பு காதுக்கு முன்னால் வந்து ஐந்தாகப் பிரிகிறது. தாடையில் ஊசி போடும்போது கை கொஞ்சம் பின்னால் போய்விட்டால் அதுவும் சேர்ந்து மரத்துவிடும். என் பேஷண்ட் ஒருத்திக்கு அப்படி ஆனது. இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிட்டது, ஆனால் அந்த இரண்டு மணி நேரம் நான் அவள் பக்கத்தைவிட்டு நகரவில்லை. உனக்குத் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். யார் இருக்கிறார்கள் அங்கே?

என் மனைவி கேட்கிறாள்: சாப்பாடு யார் செய்கிறார்கள்?

பெரியவன்


ஆகஸ்ட் 29

பெரியவனுக்கு,

நீ சொன்னதெல்லாம் நடக்கிறது. மாத்திரை முடிந்தது. சொட்டு மருந்துக்கு டயர்க்கடைக்காரர் கீழேயிருந்து மணிக்கு ஒருமுறை ஹாரன் அடிக்கிறார். சாப்பாடு அவர் வீட்டிலிருந்து வருகிறது. அண்ணியிடம் சொல்.

முகம் திரும்பவில்லை. கண்ணை ஒட்டிக்கொண்டு ஒற்றைக் கண்ணால் வேலை செய்கிறேன். தூரம் தப்பிப்போகிறது. தூரிகையை நீட்டினால் கேன்வாஸ் நினைத்ததைவிட ஒரு விரல் தள்ளி இருக்கிறது. பழகிவருகிறேன். கோணல் முகத்தைச் சின்னச் சின்னதாக நிறைய வரைந்துவிட்டேன். அதில் சில நன்றாக வந்திருக்கின்றன.

ஆனால் ஒரு பெரிய படம் நின்றுபோய்விட்டது. ஜூனில் ஆரம்பித்தது. நாற்காலியில் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கிறேன், சட்டை பேண்ட் எல்லாம் போட்டுக்கொண்டு, கை இரண்டும் முட்டிமேல். (மார்ச்சில் நீ எழுதியதற்காக என்று நினைத்துக்கொள்ளாதே. துணியின் மடிப்பு வேண்டியிருந்தது.) உடம்பு முடிந்துவிட்டது, கழுத்துவரை ரத்தம் வந்துவிட்டது. முகம் மட்டும் பச்சையாகவே நிற்கிறது. கண்ணாடியில் இருக்கும் ஆளை அந்தக் கழுத்தின்மேல் வைக்க முடியாது. அது நோய்க்கு முந்தின கழுத்து. ஞாபகத்திலிருந்து போடுவது எனக்கு வராது. போட்டுப் பார்த்தேன், பொம்மை வந்தது.

அந்த முகம் இப்போது என்னிடம் இல்லை. உன்னிடம்தான் இருக்கிறது.

கேட்க எனக்கு உரிமை இல்லை என்று தெரியும். ஒரு வாரம் வந்து உட்காருவாயா? சட்டையோடுதான்.

சின்னவன்


செப்டம்பர் 5

வரையாதே என்று நான் சொன்ன முகம் இப்போது உபயோகத்துக்கு வந்துவிட்டது.

உன் கடிதம் இரண்டு நாள் மேஜையிலேயே கிடந்தது. மனைவி எடுத்துப் படித்துவிட்டு, "கிளினிக்க ஒரு வாரம் மூடினா ஊர்ல யாருக்கும் பல்லு கொட்டிடாது" என்றாள். பஸ் டிக்கெட் மகள்தான் போட்டாள். நீ அவளுக்கு என்ன எழுதினாய் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பதினான்காம் தேதி வருகிறேன். படத்துக்காக இல்லை. அந்தக் கண்ணை நான் நேரில் பார்க்க வேண்டும். பார்த்த நேரம் போக மிச்ச நேரத்தில் உட்காருகிறேன்.

பெரியவன்


செப்டம்பர் 22

சொல்லாமல் கிளம்பிவந்தேன், உண்மை. ஏன் என்று உனக்குத் தெரியும். தெரியாவிட்டால் எழுதியே வைக்கிறேன்.

வந்த அன்றைக்கு உன் கண்ணைப் பார்த்தேன். சிவந்திருக்கிறதே தவிரப் புண் இல்லை. அது ஒன்றுதான் அந்த வாரத்தில் எனக்கு நிம்மதி. மறுநாளிலிருந்து நாற்காலி. அசையாதே என்றாய். தாடையைத் தூக்காதே என்றாய். மூக்கு அரித்தபோது சொறிந்தேன், "இப்ப என்ன அவசரம்?" என்று கேட்டாய், பாதி வார்த்தை காற்றாகப் போனது. முப்பது வருஷமாக நான்தான் ஆட்களை உட்காரவைத்து அசையாதே என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்கு யாரும் சொன்னதில்லை.

ஆனாலும் உட்கார்ந்தேன். நாள் போகப்போக அது பழகிவிட்டது. கீழே டயரில் சுத்தியல் விழுகிற சத்தம், உன் கத்தி டப்பாவில் உரசுகிற சத்தம். சின்னப் பிள்ளையில் ஒரே பாயில் படுத்த காலத்துக்குப் பிறகு நாம் இவ்வளவு நேரம் சண்டை போடாமல் ஒரே அறையில் இருந்ததில்லை. சாயங்காலம் எழுந்துவந்து கேன்வாஸைப் பார்த்தால், பச்சையின்மேல் கொஞ்சம் கொஞ்சமாக நான் வந்துகொண்டிருந்தேன். நாலாம் நாள் வாய்கூட வந்துவிட்டது. வாயைத் திறந்து சொல்லவில்லை, ஆனால் எனக்குப் பிடித்திருந்தது.

ஐந்தாம் நாள் காலையில் எழுந்து பார்த்தால் முகம் இல்லை. சுரண்டி எடுத்திருக்கிறாய். கத்தி கழுவாமல் பக்கத்தில் கிடக்கிறது, என் கன்னம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீ சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தாய்.

எழுப்பிக் கேட்டிருக்கலாம். கேட்டால் கத்துவோம், உனக்கு அந்த உதட்டில் கத்தவும் வராது. பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

பழிக்குப் பழி என்றால் சரி, வாங்கிக்கொண்டேன். அந்த முகத்தை விட்டுவிடு என்று மார்ச்சில் கேட்டது நான்தானே. விட்டுவிட்டாய்.

பெரியவன்


அக்டோபர் 1

பெரியவனுக்கு,

"அண்ணே, உங்கண்ணன் பைய தூக்கிட்டு எறங்கிப் போயிட்டாரு, எங்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லல" என்று டயர்க்கடைக்காரர் வந்து எழுப்பித்தான் எனக்குத் தெரிந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். பஸ் போய்விட்டது.

பழி இல்லை. தப்பாக வந்தது, சுரண்டினேன். எல்லாப் படத்துக்கும் செய்வதுதான். எது தப்பு என்று சொல்கிறேன்.

என் முகத்தை வாங்கிக்கொள்ளத்தான் உன்னை வரச் சொன்னேன். எலும்பு அதே எலும்பு. காது அதே காது. வேலை வேகமாகப் போனது. பார்க்காமலே கை ஓடியது. நாலாம் நாள் வாயைப் போட்டு முடித்துவிட்டு, நீ டீ குடிக்கக் கீழே போயிருந்தபோது படத்தைப் பார்த்தேன். என் முகம் நன்றாக வந்திருந்தது. நீ மறுபடி மேலே வந்து கதவுப் பக்கம் நின்றாய். அந்தப் படத்தில் இருக்கும் ஆள் நீ இல்லை என்று அப்போது தெரிந்தது.

உன் தலை வலதுபக்கம் சாய்ந்திருக்கிறது. நேராக உட்கார் என்றால் நேராக வைப்பாய், கொஞ்ச நேரத்தில் தானாகச் சாய்ந்துவிடும். ஆயிரம் வாய்களை எட்டிப்பார்த்த கழுத்து அது. வலது தோள் இடதைவிட மேலே நிற்கிறது. புருவத்துக்கு நடுவில் செங்குத்தாக ஒரு கோடு. எனக்கு அது கிடையாது. யோசிக்கும்போது கீழுதட்டைப் பல்லுக்குள் இழுத்துக்கொள்கிறாய். யார் பேசினாலும் நீ கண்ணைப் பார்ப்பதில்லை, வாயைப் பார்க்கிறாய். என்னையும் அந்த வாரம் முழுக்க அப்படித்தான் பார்த்தாய். உன் கண்கள் அதனால் எப்போதும் கொஞ்சம் தாழ்ந்தே இருக்கின்றன. கூச்சப்படுகிற ஆள் மாதிரி. நீ கூச்சப்படுகிற ஆள் இல்லை, ஆனால் முகம் அப்படி ஆகிவிட்டது.

இதையெல்லாம் தள்ளிவிட்டு எனக்கு வேண்டியதை மட்டும் உரித்து எடுத்திருந்தேன். அது திருட்டு வேலை. அதோடு மோசமான வேலை. அன்றைக்கே சுரண்டாமல் என்னால் படுக்க முடியவில்லை. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நீ எனக்கு முன்னால் எழுந்துவிட்டாய்.

அந்த ஜூன் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். அது முடியாது. புதுக் கேன்வாஸ் ஒன்று இழுத்துக் கட்டியிருக்கிறேன். உன்னை வரைய வேண்டும், நீயாக. நீ வேலை செய்யும்போது போடும் அந்த நீல அங்கியோடு, மாஸ்க் தாடைக்குக் கீழே தொங்கட்டும். முதலில் கேட்டது எனக்காக. இது அப்படி இல்லை. வரப் பிடிக்கவில்லை என்றால் எழுத வேண்டாம், புரிந்துகொள்கிறேன்.

சின்னவன்


அக்டோபர் 9

அந்த நீலம் துவைத்துத் துவைத்து வெளுத்துவிட்டது. புதுசு ஒன்று இருக்கிறது, எதைக் கொண்டுவரட்டும்?

கழுத்து விஷயத்தை மனைவியிடம் சொன்னேன். "இத கண்டுபிடிக்க ஒரு ஓவியன் வேணுமா? நான் பத்து வருஷமா சொல்லிட்டிருக்கேன்" என்கிறாள்.

இந்தத் தடவை சுரண்டுவதாக இருந்தால் என்னை எழுப்பிச் சொல்லிவிட்டுச் சுரண்டு.

பெரியவன்


நவம்பர் 20

பெரியவனுக்கு,

நீ கிளம்பிய பிறகு இன்னும் ஒரு வாரம் அங்கியிலேயே போனது. நல்லவேளை பழசைக் கொண்டுவந்தாய். வெளுத்த நீலத்துக்கடியில் பச்சை அழகாகத் தெரிகிறது. கையை முடிக்காமல் விட்டிருக்கிறேன், கையுறையைக் கழற்றி மடியில் வைத்திருக்கிறாயே அந்த இடம். முடித்தால் கெட்டுப்போகும் போலிருந்தது. இரண்டு முறை சுரண்டினேன். இரண்டு முறையும் உனக்குச் சொன்னேன், சாட்சிக்கு டயர்க்கடைக்காரர்.

நேற்று என் கண்காட்சிகளை நடத்தும் காலரிக்காரம்மா வந்தார். படத்துக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தார். எனக்குத் தெரிந்து அவர் எந்தப் படத்துக்கு முன்னாலும் அவ்வளவு நேரம் நின்றதில்லை. பிறகு, "உங்க சுய உருவப்படத்துலயே இதுதான் பெஸ்ட். இதுக்காவது கொஞ்சம் மனசு எறங்கியிருக்கீங்க" என்றார்.

"இது நான் இல்ல" என்றேன். 'ம' இல்லாத வாக்கியம், தெளிவாகவே வந்தது.

"பின்ன யாரு?"

"பல் டாக்டர். எங்க அண்ணன்."

அவர் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். கோணிப்போன என் வாயால்தான் வித்தியாசம் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. விளக்கவில்லை. படத்தின் கீழே 'பல் டாக்டர்' என்று போடச் சொல்லியிருக்கிறேன். டிசம்பர் முதல் வாரம் மாட்டுகிறார்கள். நீ வேண்டாம் என்றால் மாட்டமாட்டேன். இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் செய்வேன்.

வாயின் இடது ஓரம் கொஞ்சம் அசைகிறது. இமை முக்கால்வாசி மூடுகிறது. நெற்றி இன்னும் வரவில்லை. வராது போலத் தோன்றுகிறது. பரவாயில்லை, பாதி நெற்றியில் சுருக்கம் இருந்தால் போதும்.

சின்னவன்


டிசம்பர் 14

சின்னவனுக்கு,

மாட்டு என்று நான் ஒரு வரி எழுதி அனுப்பிய படத்தைச் சனிக்கிழமை மூன்று பேரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். உன்னிடம் சொல்லவில்லை. நீ பக்கத்தில் நின்றால் நான் ஏதாவது சொல்லவேண்டி வரும்.

மகள்தான் முதலில் பேசினாள். "அப்பா, கடைசி பேஷண்ட் போனதும் நீங்க இப்படித்தான் உக்காந்திருப்பீங்க." அந்த நேரத்தில் நான் எப்படி உட்காருவேன் என்று எனக்குத் தெரியாது, பார்க்க அங்கே யாரும் இருப்பதில்லை என்று நினைத்திருந்தேன். அவள் வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போவாளாம். மனைவி மறுநாள் கிளினிக்குக்கு வந்து, என் ஸ்டூலின் உயரத்தைக் கூட்டி வைத்துவிட்டுப் போனாள்.

எனக்கு ஓவியத்தைப் பற்றிச் சொல்லத் தெரியாது. அந்த ஆளைப் பார்த்தால் பாவமாக இருந்தது. அவனை எனக்குப் பிடித்தும் இருந்தது. அது போதுமா என்று நீதான் சொல்ல வேண்டும். யார் கேட்டாலும் கொடு, எங்கே வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளட்டும்.

இனி என் விஷயம். நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் நானும் உன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நீயே எழுதினாய். பார்த்ததைச் சொல்கிறேன். கன்னம் அசையாததால் சாப்பிடுவதெல்லாம் இடது பக்கம் போய்த் தங்குகிறது. கீழ்வரிசையில் இரண்டு கடைவாய்ப் பல் போய்க்கொண்டிருக்கிறது. ஒன்று ஈறுவரை கறுத்துவிட்டது. முகம் சரியாகட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருந்தால் பல் இருக்காது.

அடுத்த திங்கள் கிளம்பி வா. வீட்டில் தங்கு. அந்த வாரம் தினமும் கடைசி நேரத்தை யாருக்கும் கொடுக்காமல் உனக்கு வைத்திருக்கிறேன். இடது பக்கம்தான் ஏற்கெனவே மரத்துப்போயிருக்கிறதே, ஊசி எதற்கு என்று ஜோக் அடிக்காதே. அசைக்கிற நரம்பு வேறு, வலிக்கிற நரம்பு வேறு. நன்றாகவே வலிக்கும்.

என் நாற்காலியில் படுத்தால், குனிந்து வேலை செய்கிறவன் முகம் தலைகீழாகத் தெரியும். அப்படி நீ என்னை இன்னும் பார்த்ததில்லை.

பெரியவன்